கேட்காத பார்சல் வீடு தேடி வந்தால்... காசு கொடுக்கணுமா, திருப்பி அனுப்பணுமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் விருதுநகர் மாவட்டத்தின் முகமே மாறிவிடும். சிவகாசி, திருத்தங்கல் லாரி செட்டுகளில் இரவு பகலாக லோடு ஏறும். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பட்டாசுக் கடை போர்டுகள். இங்கிருந்து நாடு முழுக்கப் பெட்டிகள் கிளம்பும் அதே நாட்களில், எதிர்த்திசையிலும் பெட்டிகள் வந்துகொண்டிருக்கும். ஆடி மாதத் தள்ளுபடியில் தொடங்கி தீபாவளி வரை ஆன்லைன் பார்சல்களின் காலம் அது.

அந்தப் பார்சல்களில் சில, யாரும் கேட்காமலே வருபவை.

காட்சி இப்படித்தான் இருக்கும். பகல் 11 மணி. மகன் சென்னையில், மகள் கோவையில். வீட்டில் அம்மா மட்டும். வாசலில் டெலிவரி பையன். "பாட்டி, உங்க வீட்டுக்கு பார்சல். கேஷ் ஆன் டெலிவரி, 699 ரூபா." பிள்ளைதான் ஏதோ போட்டிருப்பான் என்று நினைத்து, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சாயங்காலம் போனில் கேட்டால், "நான் ஒண்ணும் போடலையேம்மா!" பிரித்துப் பார்த்தால் நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு பிளாஸ்டிக் சாமான். பெட்டியின் மேல் இருக்கும் நம்பருக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை.

குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதையல்ல இது. எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய கதை. இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கேட்காத பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? திருப்பி அனுப்புவது யார் பொறுப்பு? நாமே வைத்துக்கொள்ளலாமா? முதல் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது பட்டாசாக இருந்தால், அந்த அரைகுறை பதில் ஆபத்தாகவும் மாறிவிடுகிறது.

மௌனம் சம்மதம் அல்ல

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி. கொடுக்கல் வாங்கலுக்குச் சரிவராது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும். அப்போதுதான் ஒப்பந்தம். "ஏழு நாளில் பதில் வராவிட்டால் வாங்கிக்கொண்டதாகக் கருதுவோம்" என்று பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டை வைத்து அனுப்பினால், அந்தச் சீட்டு யாரையும் கட்டுப்படுத்தாது.

சட்டக் கல்லூரிகளில் இதற்குச் சொல்லித்தரும் வழக்கு 1862இல் இங்கிலாந்தில் நடந்தது. ஒரு மாமா தன் மருமகனிடம் குதிரை ஒன்றை விலை பேசினார். "மேற்கொண்டு உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் குதிரை என்னுடையது" என்று கடிதம் எழுதினார். மருமகன் பதில் போடவில்லை. பதில் சொல்லாமல் இருந்ததை ஏற்பாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆன்லைன் பார்சலுக்கும் அடிப்படை அதுதான்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: கேட்காத பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாசலிலேயே "வேண்டாம்" என்று சொல்லித் திருப்பிவிடலாம். அதற்குக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. "பார்சலை எடுக்கலைன்னா கேஸ் ஆகும்" என்று யாராவது மிரட்டினால், அது வெறும் மிரட்டல்.

பிரித்துப் பயன்படுத்தினால் கணக்கு வேறு

"சும்மா வந்ததுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான். ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி இன்னொருவருக்குக் கொடுத்த பொருளின் பலனை அந்த இன்னொருவர் அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும் அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சட்டமே தரும் உதாரணம் இது: ஒரு வியாபாரி தவறுதலாக ஒருவர் வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் அதைத் தன்னுடையதாகப் பாவித்துக்கொள்கிறார். அப்படியானால் அதற்கான பணத்தை அவர் கொடுத்தாக வேண்டும்.

பெயர் குழப்பத்துக்குப் பஞ்சமில்லாத ஊர்களில் இது முக்கியம். ஒரே தெருவில் இரண்டு மாரியப்பன், மூன்று முனியசாமி இருப்பார்கள். ஒரே சாமி பெயரில் நாலு ஏஜென்சி இருக்கும். பக்கத்துத் தெருக்காரர் காசு கட்டி வாங்கிய பொருள் கைமாறி வந்திருந்தால், அது "கேட்காத பொருள்" இல்லை, மற்றவருடைய பொருள். தெரிந்தே வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு (சொத்தை நேர்மையற்றுக் கையாடல்) வரை விஷயம் போகலாம்.

ஆக, வேண்டுமென்றே தலையில் கட்டப்பட்ட சரக்கும் தவறிப்போய் வந்த சரக்கும் வேறு வேறு. பெட்டியைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது வாங்கியவருக்கு எளிதல்ல. பிரிக்காமல், பயன்படுத்தாமல், அனுப்பியவருக்கோ கூரியர் நிறுவனத்துக்கோ எழுத்தில் தகவல் சொல்லி, "வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதே பாதுகாப்பான வழி. ஒரு வாட்ஸ்அப் செய்தியும் ஒரு போட்டோவும் போதும். நாளைக்குத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

பட்டாசு வந்தால்?

சீப்பு, டார்ச், மசாஜ் மெஷின் என்றால் இத்தோடு கதை முடிந்துவிடும். பட்டாசில் முடியாது.

2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளம் குழந்தைகளின் பெயரில் பட்டாசு மாசுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. இ-காமர்ஸ் தளங்கள் எதுவும் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கவோ விற்கவோ கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றது. சரவெடிக்கும் அதே தீர்ப்பில் தடை வந்தது.

அதன் பிறகும் இணையத்தில் பட்டாசு வியாபாரம் நிற்கவில்லை. முகப்பில் விலைப்பட்டியல் இருக்கும், "80 சதவீதத் தள்ளுபடி" இருக்கும், ஆர்டர் மட்டும் போனிலோ வாட்ஸ்அப்பிலோ போகும். பணம் யுபிஐ-யில் போகும். சரக்கு லாரி பார்சலில் வரும், ஆள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் லைசென்ஸ் வைத்து நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரையும் போட்டோவையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவே போலிப் பட்டாசு விளம்பரங்களைப் பற்றி மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது.

இந்த அரைவெளிச்சத்தில்தான் கேட்காத சரக்கு உள்ளே நுழைகிறது. கேட்டது ஒரு பிராண்ட், வந்தது பெயர் தெரியாத இன்னொன்று. கேட்டது பூச்சட்டியும் கம்பி மத்தாப்பும், பெட்டியில் பாதி கேட்காத வெடி. "ஸ்டாக் இல்லண்ணே, அதே விலைக்கு வேற போட்டு விட்டிருக்கோம்" என்று ஒரு சமாதானம். வாங்கியவரும், தீபாவளிக்கு ரெண்டு நாள்தானே இருக்கு என்று வாயை மூடிக்கொள்கிறார்.

மூடிக்கொள்ள வேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதற்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. 37ஆம் பிரிவின்படி, கேட்ட சரக்கோடு கேட்காததைக் கலந்து அனுப்பினால், கேட்டதை மட்டும் ஏற்று மற்றதை மறுக்கலாம், அல்லது மொத்தத்தையும் மறுக்கலாம். 41ஆம் பிரிவு, பார்த்துச் சரிபார்க்க வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால், 42ஆம் பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. நியாயமான காலத்துக்குள் "வேண்டாம்" என்று சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பட்டாசில் அந்தக் காலம் மிகக் குறைவு என்று எடுத்துக்கொள்வது நல்லது. திரியில் நெருப்பு வைத்துவிட்டால் மறுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. வெடித்த பிறகு கணக்கு வெடித்தவர் பேரில்தான்.

அடுத்து வருகிறது பெரிய சிக்கல். "பிடிக்கலைன்னா கூரியர்ல திருப்பி அனுப்புங்க, பணம் தர்றோம்" என்று விற்றவர் சொல்லலாம். அனுப்பக் கூடாது. தபாலில் வெடிபொருள் அனுப்புவதை 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமே தடை செய்திருந்தது. 2024 ஜூனில் புதிய அஞ்சல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் பட்டாசு அஞ்சலில் ஏற்றத் தகாத பொருள்தான். ரயிலில் எடுத்துப் போனால் 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. பொருளை மறைத்துப் பெயர் மாற்றிக் கூரியரில் போட்டால், ஏமாந்தவரே குற்றவாளியாகிவிடுவார்.

அப்படியானால் என்ன வழி? அதே 1930 சட்டத்தின் 43ஆம் பிரிவு கைகொடுக்கிறது. சரக்கை மறுத்தவர் அதைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்ல. மறுத்துவிட்டேன் என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும். வந்து எடுப்பது விற்றவரின் வேலை, விற்றவரின் செலவு. பட்டாசு வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பிரிவு இது. ஆனால், இதைப் பற்றிப் பேசுவார் இல்லை.

யாரிடமும் எதையும் கேட்காமலே ஒரு பட்டாசுப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டால், அதைக் கடன் கணக்காகப் பார்ப்பதற்கு முன் பாதுகாப்புக் கணக்காகப் பார்க்க வேண்டும். அடுப்படியிலோ விளக்கேற்றும் பூஜை அறையிலோ வைக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல், வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். 112 எண்ணும் இருக்கிறது.

இது மிகையான பயம் என்று சிவகாசிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்து, உடம்பைப் பரிசோதிக்க வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் மூச்சுத் திணறி இறந்தார்கள். பட்டாசை வாங்கவோ விற்கவோ வராதவர்கள் அவர்கள். ஒரு பட்டாசுப் பெட்டி எங்கே நிற்கிறது என்பது, அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் உயிரையும் தீர்மானிக்கும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். அதிலும் ஒரு முரண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கொடுத்தோ கொடுப்பதாகச் சொல்லியோ பொருள் வாங்கியவர்தான் நுகர்வோர். அதாவது, 699 ரூபாயைக் கொடுத்துவிட்ட அந்த அம்மாவுக்கு வழி திறக்கிறது. உஷாராக இருந்து காசு கொடுக்காதவர், நாள்தோறும் வரும் மிரட்டல் போனால் அவதிப்பட்டாலும், "நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது. நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்று அந்தச் சட்டம் ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. கேட்காத பொருளை அனுப்பிக் காசு கேட்பது அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பட்டியல் முழுமையானதல்ல என்பதால் வாதாடி உள்ளே கொண்டுவரலாம். ஆனால், 699 ரூபாய்க்கு யார் வாதாடுவார்கள்?

கொஞ்சம் முன்னேற்றமும் உண்டு. 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள், வாங்குபவரின் சம்மதம் வெளிப்படையாக இருக்க வேண்டும், முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்கின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், பணம் கட்டும் நேரத்தில் கேட்காத பொருளைக் கூடையில் நைஸாகச் சேர்ப்பதைத் தடை செய்திருக்கின்றன. திரையில் நடக்கும் திணிப்புக்குப் பெயர் வைத்துத் தடை போட்டாகிவிட்டது. வாசலில் நடக்கும் திணிப்புக்கு இன்னும் பெயரில்லை.

பணத்தைக் கொடுத்தவர்கள் செய்ய வேண்டியது எளிது. பெட்டியின் மேலுள்ள லேபிளைக் கிழிக்காமல் போட்டோ எடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. யுபிஐ-யில் பணம் போய் மோசடி என்று தெரிந்தால், தாமதிக்காமல் 1930. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பட்டாசை ஆன்லைனில் கேட்டதே தப்பு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் பேசாமல் இருக்கிறார்கள். தடை விற்கும் தளத்தின் மீதுதான். ஏமாந்தவர் புகார் கொடுப்பதற்கு யாரும் தடை போடவில்லை.

வி.பி.பி. காலத்தில் இருந்த விதி

கேஷ் ஆன் டெலிவரி நேற்று வந்த விஷயமல்ல. அந்தக் காலத்து வி.பி.பி.தான் அது. போஸ்ட்மேனிடம் பணத்தைக் கட்டிப் புத்தகமும் கைக்கடிகாரமும் வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. வி.பி.பி.யில் என்ன தில்லுமுல்லு நடக்கும் என்று 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. உண்மையாகவே வந்த ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவர் உறுதிமொழி தந்தால்தான் வி.பி.பி. எடுக்க வேண்டும் என்று விதிக்கவும், மோசடி என்றால் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்து வாங்கியவருக்கே திருப்பிக் கொடுக்கவும் அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதிகாரம் தந்தது.

இரண்டே அம்சங்கள். ஆர்டர் இருந்ததா என்பதற்கு அனுப்புபவர் பொறுப்பு. தகராறு வந்தால் பணம் நடுவில் நிற்கும். இன்று லட்சக்கணக்கான கேஷ் ஆன் டெலிவரி பார்சல்களைத் தனியார் கூரியர்கள் சுமக்கின்றன. வாசலில் நிற்கும் பையனைக் கேட்டால், "நான் டெலிவரி மட்டும்தான்ணே" என்பார். அவர்மேல் தப்பில்லை. அவர் கையில் ஆர்டருக்கான ஆதாரத்தைக் கொடுக்க யாரையும் எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் தபால்காரர் பைக்குள் இருந்த பாதுகாப்பு, இன்றைய டெலிவரி பைக்குள் இல்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

கேட்காத பொருளை அனுப்பிவிட்டுப் பிறகு காசு கேட்டு நச்சரிக்கும் வியாபாரம் மற்ற நாடுகளிலும் நடந்ததுதான். அமெரிக்கா 1970இல் ஒரே வரியில் முடித்தது: கேட்காமல் தபாலில் வந்த சரக்கு, வாங்கியவருக்குப் பரிசு. பிரிட்டன் 1971இல் கொஞ்சம் நிதானமாகச் செய்தது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அல்லது அனுப்பியவருக்கு எழுத்தில் தெரிவித்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் வந்து எடுக்காவிட்டால் பொருள் வாங்கியவருக்கே சொந்தம். பின்னாளில் அந்தக் காத்திருப்பும் நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நெறிமுறை, பதில் சொல்லாதது சம்மதம் ஆகாது என்று எழுத்திலேயே வைத்துவிட்டது.

இந்தியாவிலும் இப்படி ஒரு விதி வேண்டும். ஆனால், அமெரிக்க விதியை அப்படியே நகல் எடுக்கக் கூடாது. முகவரி மாறிப்போன ஒரு லோடு சரக்கு, நேர்மையான சிறு வியாபாரியின் மொத்த லாபத்தையும் விழுங்கிவிடும். காலண்டரும் டைரியும் தீப்பெட்டியும் நாடெங்கும் அனுப்பிப் பிழைக்கும் சிவகாசிக்கு அந்த வலி தெரியும். பிரிட்டன் முதலில் எடுத்த வழிதான் இங்கே பொருந்தும். தெரிவித்து, நியாயமான நாள் கொடுத்து, அதன் பிறகும் அனுப்பியவர் வராவிட்டால் பொருள் வாங்கியவருக்கு. தவறிப்போய் அனுப்பியவர் நிச்சயம் ஓடிவருவார். ஏமாற்ற அனுப்பியவர் வரமாட்டார். காலக்கெடுவே இருவரையும் பிரித்துக் காட்டிவிடும்.

அதோடு இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி வசூலிக்கும் எந்த நிறுவனமும், ஆர்டருக்கான ஆதாரம் இல்லாமல் காசு கேட்கக் கூடாது. புகார் வந்தால் சில நாட்களுக்காவது பணத்தை அனுப்பியவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். அடுத்து, பட்டாசு போன்ற ஆபத்தான பொருளுக்குத் தனி விதி வேண்டும். அதைப் "பரிசு" என்று வாங்கியவர் தலையில் கட்டிவிட முடியாது. குறித்த நாளுக்குள் லைசென்ஸ் உள்ள ஆளை அனுப்பித் தன் செலவில் எடுத்துப்போக வேண்டியது அனுப்பியவரின் கடமை, தவறினால் அபராதம் என்று இருக்க வேண்டும்.

இதனால் வாங்குபவருக்கு மட்டும்தான் லாபம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு போலிப் பெட்டியும், கேட்காமல் மாற்றி அனுப்பிய ஒவ்வொரு சரக்கும் "சிவகாசி" என்ற பெயரை ஒட்டிக்கொண்டுதான் வீடு போய்ச் சேருகிறது. திட்டு வாங்குவது அந்த ஊர். நட்டம், ரசீது போட்டு, எடை குறையாமல், கேட்டதையே கொடுக்கும் கடைக்காரருக்கு. மருந்து இடிக்கும் கையும் காகிதம் சுருட்டும் கையும் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது.

விதி வரும்வரை வீட்டில் ஒரு பேச்சு பேசி வைத்துக்கொண்டால் போதும். பார்சல் போட்டால் வீட்டில் சொல்லிவிட வேண்டும். சொல்லாத பார்சலுக்குக் காசு கொடுக்கக் கூடாது. "பிள்ளைகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன், நாளைக்கு வாங்கப்பா" என்று வாசலில் சொல்வதற்கு எந்த அம்மாவும் கூச்சப்பட வேண்டியதில்லை. அப்படிச் சொல்லும் உரிமையைச் சட்டம் 1872லேயே கொடுத்துவிட்டது.